ஒரே வைத்தியம், இரண்டு ஆமைகள்

அமெரிக்காவின் புளோரிடா கடற்கரைகளில் திரும்பத் திரும்ப நடக்கிற ஒரு விபத்து இது. மணல்மேட்டில் நடந்துபோகிறவர் கண்ணில் ஓர் ஆமைக்குஞ்சு படுகிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. ஐயோ பாவம், வழி தவறிவிட்டது போலிருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு போய் அலையில் விடுகிறார். ஓர் உயிரைக் காப்பாற்றிய நிறைவோடு வீடு திரும்புகிறார். குஞ்சு மூழ்கிச் சாகிறது. ஏனென்றால் அது கடலாமைக் குஞ்சே அல்ல. அந்த மணல்மேட்டிலேயே வளை தோண்டி வாழும் கோபர் ஆமையின் குஞ்சு. முழுக்க முழுக்க நில ஆமை. அலையோடு மல்லுக்கட்ட அதற்குத் தெரியாது. கடலில் விடுவதற்கு முன்னால் காலைப் பார்க்கும்படி அந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறை மக்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. துடுப்பு இருந்தால் கடலாமை, நகம் வைத்த கால் இருந்தால் நில ஆமை.

ஆங்கிலத்தில் கடலாமைக்கு டர்ட்டில், நில ஆமைக்கு டார்டாய்ஸ் என்று தனித்தனிப் பெயர் உண்டு. அப்படி இருந்தும் இந்தக் கதி. நமக்கு ஆமை என்ற ஒரே சொல்தான். தேவைப்பட்டால் கடல், நிலம், நன்னீர் என்று முன்னால் ஒட்டிக்கொள்கிறோம். என்னைக் கேட்டால் நம் வழிதான் மேல். பெயரைச் சொல்லும்போதே அதை எங்கே விட வேண்டும் என்பதும் வந்துவிடுகிறது.

கடற்கரையில் ஒற்றைக் குஞ்சுக்கு நேரும் இந்தக் குழப்பம், கொஞ்சம் வேறு உருவத்தில், பெரிய பாதுகாப்புத் திட்டங்களிலும் நேர்ந்திருக்கிறது. 1960களிலும் 70களிலும் இரண்டு ஆமை இனங்கள் அழியும் நிலைக்கு வந்துவிட்டன. ஒன்று பசிபிக் பெருங்கடல் தீவு ஒன்றின் நில ஆமை. மற்றது மெக்சிகோ வளைகுடாவின் கடலாமை. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வைத்தியம் பார்த்தார்கள்: முட்டையை எடு, பத்திரமாகப் பொரிக்க வை, குஞ்சைக் கொஞ்ச காலம் வளர்த்துப் பெரிதாக்கு, அப்புறம் கொண்டுபோய் விடு. நில ஆமை பிழைத்தது. கடலாமையும் பிழைத்தது, ஆனால் அந்த மருந்தால் அல்ல. ஏன் அப்படி ஆயிற்று என்பதுதான் இந்த ஆய்வு.

உடம்பிலிருந்து தொடங்குவோம்

உலகில் சுமார் 360 வகை ஆமைகள் உண்டு. அவற்றில் கடலில் வாழ்பவை 7 மட்டுமே. நில ஆமைகள் ஐம்பதை ஒட்டி வரும். மிச்சமெல்லாம் ஆறு, குளம், சதுப்பு என்று நன்னீரில் வாழ்பவை.

ஓட்டைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஓடு என்பது மேலே போட்டுக்கொண்ட சட்டை இல்லை. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாக இணைந்து அகன்றதுதான் மேலோடு. நாம் நம் விலா எலும்பைக் கழற்றி வைக்க முடியாது அல்லவா, அதுபோல ஆமையும் ஓட்டை விட்டு வெளியே வர முடியாது. எல்லா ஆமைகளும் நுரையீரலால்தான் மூச்சு விடுகின்றன. அனேகமாக எல்லாமே முட்டையிட நிலத்துக்குத்தான் வர வேண்டும். பல நூறு மைல் நீந்தும் கடலாமைக்கும் இதில் விலக்கு இல்லை.

வித்தியாசம் ஓட்டுக்குக் கீழே இருக்கிறது. நில ஆமையின் கால்கள் யானைக்கால்களின் சிறு வடிவம். தூண்போல் உருண்டு, கனத்த உடம்பைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும். கடலாமைக்கு முன்கால் விரல் எலும்புகள் நீண்டு, தோல் மூடி, துடுப்பாகிவிட்டன. பறவை இறக்கை அடிப்பது போல அவற்றை அடித்துத்தான் அது நீந்துகிறது. அதே துடுப்பு கரையில் பெரும் சுமை. மணலில் உடம்பை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் பார்க்கிற நமக்கே மூச்சு வாங்கும்.

நில ஆமையின் ஓடு பெரும்பாலும் மேடாகக் குவிந்திருக்கும். கடலாமையின் ஓடு தட்டையாக, முன்னால் அகன்று பின்னால் ஒடுங்கியிருக்கும். தண்ணீரைக் கிழித்துப் போக அது வசதி. இந்த வசதிக்கு அது கொடுத்த விலை பெரிது: தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள அதனால் முடியாது. ஐந்தையும் உள்ளே அடக்கும் ஆமை என்று நாம் காலம்காலமாகச் சொல்லும் உவமை கடலாமைக்குச் செல்லாது. ஆபத்து வந்தால் அது நீந்தித் தப்ப வேண்டும், இல்லையென்றால் மாட்டிக்கொள்ள வேண்டும். நன்னீர் ஆமை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: விரல்களுக்கிடையே சவ்வு உண்டு, நகமும் உண்டு, தலையையும் பெரும்பாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முட்டையிட வந்த கடலாமை அழுகிறது என்பார்கள். அழுகையெல்லாம் இல்லை. கடல் உணவோடு உள்ளே போகும் உப்பைக் கண்ணோரச் சுரப்பி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான்.

இந்த ஆய்வுக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. நில ஆமையின் வாழ்க்கை முழுவதும் மனிதன் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் நடக்கிறது. கடலாமை அப்படி இல்லை. பெண் ஆமை முட்டையிடும் சில மணி நேரம் மட்டும் கரையில் இருக்கும். ஆண் ஆமை, குஞ்சாகக் கடலுக்குள் போனதோடு சரி. பொதுவாகத் திரும்பக் கரையேறுவதே இல்லை. நாம் கண்ணால் பார்ப்பது அதன் வாழ்க்கையின் ஓரத்தில் ஒரு துணுக்கு. பார்க்கிற இடத்தில்தான் காப்பாற்றத் தோன்றும், அது மனித இயல்பு. ஆனால் அது சாகிற இடம் வேறாக இருந்தால்?

பதினான்கு ஆமைகளின் தீவு

காலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் தெற்கில் எஸ்பனோலா என்றொரு வறண்ட தீவு. சுமார் 60 சதுர கிலோமீட்டர் இருக்கும். அங்குள்ள ராட்சத ஆமைக்கு ஓட்டின் முன்விளிம்பு குதிரைச் சேணம்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். கழுத்தை உயரத் தூக்கிக் கள்ளிமடலை எட்டிப் பிடிக்க அந்த இடைவெளி உதவுகிறது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அந்தப் பக்கம் வந்தன. ராட்சத ஆமை தீனி தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூட, உயிரோடு கிடக்கும். குளிர்பதனம் இல்லாத காலத்துக் கப்பலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிவைத்து, வேண்டும்போது வெட்டிக்கொண்டார்கள். தீவுக்கூட்டம் முழுவதிலுமாக இப்படிப் போன ஆமைகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். போதாததற்கு ஆடுகளையும் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். ஆடுகள் பெருகி, ஆமைக்கு மிஞ்சியிருந்த பச்சையையும் மேய்ந்து தீர்த்தன.

1963 முதல் 1974 வரை தீவைச் சல்லடை போட்டுத் தேடியதில் கிடைத்தவை 14 ஆமைகள். 12 பெண், 2 ஆண். ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத அளவுக்குச் சிதறிக் கிடந்தன. அங்கேயே விட்டுக் காவல் போட்டிருந்தால் ஒவ்வொன்றாகச் செத்திருக்கும். அவை அத்தனையையும் அதே தீவுக்கூட்டத்தின் சாந்தா குரூஸ் தீவிலுள்ள இனப்பெருக்க மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சியகத்தில் பல்லாண்டுகளாக இருந்த ஓர் ஆண் ஆமையும் இதே இனம் என்று தெரியவந்து, அதையும் 1970களில் வரவழைத்தார்கள். ஊர்ப் பெயரே அதற்குப் பெயராயிற்று: டியேகோ. ஆக, 15.

முட்டைகளைப் பொரிப்புப் பெட்டியில் வைத்தார்கள். ஆமைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் இடத்தின் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. அந்த மையத்தில் 28 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் ஆண், 29.5 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் பெண். ஒன்றரை டிகிரியில் ஒரு தலைமுறையின் கணக்கே மாறிப்போகும். குஞ்சுகளை நான்கைந்து வருடம் வளர்த்து, ஓடு கெட்டியானதும் எஸ்பனோலாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். முதல் தொகுதி போனது 1975இல்.

இதற்கிடையில் இன்னொரு வேலை நடந்தது. இது பேசப்பட்டதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. 1978இல் தீவின் கடைசி ஆடும் ஒழிக்கப்பட்டது. குஞ்சு போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் பட்டினி போடும் எதிரி இல்லை. இளம் ஆமையைக் கொல்லக்கூடிய பெரிய விலங்கும் இல்லை. தீவைச் சுற்றிக் கடல்; ஆமை எங்கும் ஓடிப்போகாது. விட்ட இடத்தில் போய்ப் பார்த்தால் இருக்கும். நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 இளம் ஆமைகள் போய்ச் சேர்ந்தன. விட்டவற்றில் பாதியளவு பிழைத்திருப்பதாக 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தீவிலேயே அவை முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தன. 2020 தொடக்கத்தில் திட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். இனி வளர்த்து விடத் தேவையில்லை என்பதுதான் காரணம். ஒரு பாதுகாப்புத் திட்டம் தன் வேலை முடிந்தது என்று கடையைக் கட்டுவது அபூர்வம்.

அந்தச் செய்தியில் உலகம் முழுக்க டியேகோவின் படம்தான். இனத்தையே காப்பாற்றிய தகப்பன் என்று கொண்டாடினார்கள். மரபணுச் சோதனைக் கணக்கு வேறு: டியேகோவின் பங்கு சுமார் 40 சதவீதம். சுமார் 60 சதவீதத்துக்குத் தகப்பன், ஈ5 என்ற எண்ணோடு அமைதியாக இருந்த இன்னொரு ஆண். அதற்கு ஒரு பெயர்கூட ஊரறிய வாய்க்கவில்லை. பன்னிரண்டு தாய்களைப் பற்றி எழுதியவர்களைத் தேடத்தான் வேண்டும்.

நாற்பதாயிரம் கரையேறிய நாள்

இப்போது மெக்சிகோ வளைகுடா. கடலாமைகளில் மிகச் சிறியது கெம்ப் ஆமை. பங்குனி ஆமையின் கூடப்பிறப்பு. ஓடு இரண்டடியைச் சுற்றி, எடை 45 கிலோவை ஒட்டி. இது எங்கே முட்டையிடுகிறது என்பதே அறிவியலாளர்களுக்கு வெகுகாலம் புரியாத புதிராக இருந்தது. வேறு இரண்டு இனங்களின் கலப்பாக இருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள்.

விடை ஒரு சினிமாச் சுருளில் இருந்தது. 1947 ஜூனில், ஆந்திரேஸ் எரேரா என்ற மெக்சிகோப் பொறியாளர் சிறு விமானத்தில் கரையோரமாகத் தேடிப் பறந்து, தமௌலிபாஸ் மாநிலத்தின் ராஞ்சோ நுவேவோ கடற்கரையில் இறங்கிப் படம் எடுத்தார். பட்டப்பகலில் மணல் தெரியாத அளவுக்கு ஆமைகள். 1960களின் தொடக்கத்தில் அந்தப் படம் ஆய்வாளர்கள் பார்வைக்கு வந்தபோது, அன்று ஒரே நாளில் 40,000 பெண் ஆமைகள் ஏறியிருக்கும் என்று கணித்தார்கள். பிற்பாடு சிலர் இதைக் குறைத்தும் மதிப்பிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் பல்லாயிரம். இப்படிக் கூட்டமாக வருவதை ஸ்பானிய மொழியில் அர்ரிபாடா என்கிறார்கள். வருகை என்று பொருள்.

படத்தை அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் கரை கிட்டத்தட்ட காலியாகிவிட்டிருந்தது. முட்டைகளை மூட்டை மூட்டையாக அள்ளிப் போயிருந்தார்கள். 1966இல் மெக்சிகோ அந்தக் கரைக்குக் காவல் போட்டது. 1977இல் அதைக் காப்பிடமாக அறிவித்தது. 1978இல் அமெரிக்காவும் சேர்ந்துகொண்டது. கூடு வைத்த உடனே முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்தார்கள். திருடனுக்கும் கிடைக்காது, நரிக்கும் கிடைக்காது.

இதோடு ஒரு துணிச்சலான சோதனையும் ஆரம்பமானது. ஒரே கரையை நம்பியிருக்கும் இனத்துக்கு அந்தக் கரையில் ஏதாவது ஆனால் கதை முடிந்தது. அதனால் டெக்சாஸின் பாட்ரே தீவில் இரண்டாவது கரை ஒன்றை உருவாக்கிவிடலாம் என்று நினைத்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 2,000 முட்டைகள். கடலாமை பிறந்த கரையை நினைவில் வைத்து அங்கேயே திரும்பி வரும் என்பதால், முட்டை ராஞ்சோ நுவேவோ மணலில் படாமலேயே பைகளில் பிடித்து, பாட்ரே தீவின் மணல் நிரப்பிய பெட்டிகளில் வைத்தார்கள். டெக்சாஸில் பொரித்த குஞ்சுகளைப் பாட்ரே தீவின் கரையில் தவழவிட்டு, அலையில் சற்று நீந்தவிட்டு, உடனே வலைபோட்டுப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கால்வெஸ்டனில் ஓர் ஆய்வகம். ஒன்றாகப் போட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும் என்பதால் குஞ்சுக்கு ஒரு வாளி. ஏறத்தாழ ஒரு வருடம் தீனி போட்டு வளர்த்து, அடையாளம் இட்டு, கடலில் விட்டார்கள். 1978 முதல் 1992 வரை இப்படி 20,000க்கும் மேல்.

எஸ்பனோலாவில் செய்ததும் இதுதானே? அங்கே 2,000. இங்கே அதைப்போலப் பத்து மடங்கு.

ராஞ்சோ நுவேவோவிலும் அருகிலுள்ள கரைகளிலும் 1978இல் இருந்த கூடுகள் ஆயிரத்துக்கும் குறைவு. 1985இல் அது 702 ஆக இறங்கியது. ஒரு பெண் ஆமை ஒரே பருவத்தில் இரண்டு மூன்று முறை முட்டையிடும். அதை வைத்துப் பார்த்தால் 702 கூடு என்பது சுமார் 300 பெண்கள். 40,000 எங்கே, 300 எங்கே. அதுவும் கரையில் இருபது வருடக் காவல் இருந்தும்.

ஓட்டை வேறு இடத்தில்

கெம்ப் ஆமை முதிர்ச்சியடையப் பத்துப் பன்னிரண்டு வருடமாவது ஆகும். 1966 முதல் காப்பாற்றிய குஞ்சுகள் 80களின் தொடக்கத்தில் தாய்களாகக் கரையேறியிருக்க வேண்டும். வரவில்லை. குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், நிறையவில்லை. அப்படியானால் ஓட்டையைத்தான் தேட வேண்டும்.

கெம்ப் ஆமையின் முக்கிய உணவு நண்டு. ஆழமில்லாத கடலின் அடித்தரையில் மேயும். இறாலும் அதே அடித்தரையில்தான். இறால் இருக்கும் இடத்தில் இழுவைப் படகும் இருக்கும். இழுவலை கடலடியைத் துழாவிக்கொண்டு போகிறது, முன்னால் ஆமை நீந்துகிறது, களைக்கிறது, வலைக்குள் போகிறது. ஓய்வாகக் கிடக்கும் கடலாமை நீருக்கடியில் வெகுநேரம் இருக்கும். ஆனால் வலையில் திமிறும்போது உள்ளிருக்கும் காற்று விரைவில் தீர்ந்துவிடும். வலையை இழுக்கும் நேரம் ஒரு மணியைத் தாண்டினால் சாவு வேகமாக ஏறுகிறது. மீனைப் போலச் செவுள் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நுரையீரலை வைத்துக்கொண்டு கடலுக்குப் போனதுதான் அதன் சிக்கல்.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1990இல் கொடுத்த அறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது. அந்நாட்டுக் கடல் பகுதியில் மனிதச் செயல்களால் சாகும் கடலாமைகளில், மற்ற எல்லாக் காரணங்களையும் கூட்டினாலும் இறால் வலைக்கு ஈடாகாது. கெம்ப் ஆமைகள் மட்டும் ஆண்டுக்கு 500 முதல் 5,000 வரை போகின்றன என்பது மதிப்பீடு. முட்டையிட வரும் மொத்தப் பெண்களே சில நூறாக இருந்த காலத்தில் இந்த எண்!

இதற்கு மூன்று வருடம் முன்பே, 1987இல், டெபோரா குரவுஸ், லாரி குரவுடர், ஹால் காஸ்வெல் என்ற மூவர் பெருந்தலைக் கடலாமையை வைத்து ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். முட்டை, குஞ்சு, இளம் ஆமை, பெரிய ஆமை என்று வாழ்க்கையைப் படிப்படியாகப் பிரித்து, எந்தப் படியில் சாவைக் குறைத்தால் இனம் பெருகும் என்று பார்த்தார்கள். விடை பலருக்குக் கசந்தது. ஒரு முட்டைகூட வீணாகாமல் காத்தாலும் அந்த இனத்தின் சரிவு நிற்காது. கடலில் திரியும் பெரிய இளம் ஆமைகளின் சாவைக் குறைத்தால்தான் நிற்கும்.

யோசித்தால் இது புரியும். ஆமையின் குடும்பக் கணக்கே, நிறையக் குஞ்சுகளைச் சாகவிட்டு, தப்பித்து வளர்ந்த சிலரைப் பல்லாண்டு காலம் முட்டையிட வைப்பதுதான். ஆயிரம் குஞ்சில் ஓரிரண்டுதான் பெரிதாகும். அப்படிப் பத்து வருடம் தப்பிப் பிழைத்துத் தாயாகப் போகும் ஒன்றை வலை கொன்றால், அதன் இடத்தை நிரப்ப மறுபடி ஒரு குவியல் குஞ்சு வேண்டும், மறுபடி பத்து வருடம் வேண்டும்.

மருந்து படகில் இருந்தது. இழுவலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம்; கம்பிகளுக்கிடையே பத்து சென்டிமீட்டர். இறால் இடுக்கில் புகுந்து வலையின் அடிப்பைக்குப் போகும். ஆமை கம்பியில் மோதி, சறுக்கி, பக்கத்தில் இருக்கும் மடிப்புத் துளை வழியாக வெளியேறும். ஆமை விலக்குக் கருவி என்று இதற்குப் பெயர். இதில் வேடிக்கை, இதன் முன்னோடிகளில் ஒன்றைச் செய்தவர் ஜார்ஜியாவைச் சேர்ந்த சிங்கி பூன் என்ற இறால் மீனவர். அவர் செய்தது ஆமைக்காக அல்ல, வலையை நிறைக்கும் சொறி மீனை வெளியே தள்ள.

1987இல் அமெரிக்கா விதி கொண்டுவந்தது. மீனவர்கள் கொதித்தார்கள். பிடிபட்ட இறாலும் துளை வழியே போகிறது, கருவிக்குக் காசு, கழிவில் அடைத்துக்கொள்கிறது என்று பல புகார்கள். அவற்றில் சில நியாயமானவையும்கூட. 1989 ஜூலையில் டெக்சாஸ் துறைமுகங்களைப் படகுகளால் மறித்தார்கள். இழுபறிக்குப் பிறகு விதி நிலைத்தது. 1993இல் மெக்சிகோவும் கட்டாயமாக்கியது. 2003இல் துளையையே பெரிதாக்க வேண்டி வந்தது. கெம்ப் ஆமைக்குப் போதுமான துளை, பெருந்தலை ஆமைக்கும் ஏழுவரி ஆமைக்கும் போதவில்லை. கடலாமை என்று பொதுவாகச் சொன்னால் போதாது, எந்தக் கடலாமை என்றும் கேட்க வேண்டும் என்பது அப்போது உறைத்தது.

கூடுகள் 2000ஆம் ஆண்டு 6,000ஐத் தாண்டின. 2009இல் 20,000ஐத் தாண்டின. இதில் கரைக் காவலுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1966 முதல் அந்தக் கரையில் நின்றவர்கள் இல்லாதிருந்தால் கருவி காப்பாற்ற ஆமையே மிஞ்சியிருக்காது. ஆனால் காவல் மட்டும் இருந்தவரை எண்ணிக்கை இறங்கியது; வலையில் துளை வந்த பிறகே ஏறியது.

வாளியில் வளர்த்த 20,000? அரசு அந்தத் திட்டத்தை 1993இல் நிறுத்திவிட்டது. 1990 அறிக்கையும் அதை ஒரு சோதனை என்றுதான் வைத்தது, மற்ற பாதுகாப்புக்கு மாற்றாக அல்ல. விட்ட கடல் மாறவில்லை என்பதுதான் அடிப்படைக் கோளாறு. எஸ்பனோலாவில் ஆட்டையும் ஒழித்து ஆமையையும் வளர்த்தார்கள். இங்கே வலை அப்படியே இருக்க, ஆமையை மட்டும் வளர்த்தார்கள்.

கைக்கு எட்டும் விலங்கு

இதனால் நில ஆமைக்கு எல்லாம் சுகம் என்று அர்த்தமில்லை. அதைக் காப்பாற்றுவது எந்தக் காரணத்தால் எளிதோ, அதே காரணத்தால் அழிப்பதும் எளிது. நடந்து போய் யாரும் எடுத்துக்கொள்ளலாம். கடிக்காது, ஓடாது, சத்தம் போடாது. தீனி இல்லாமல் பையில் வாரக்கணக்கில் கிடக்கும். அன்று கப்பல்காரனுக்கு வசதியாக இருந்த அதே குணம் இன்று கடத்தல்காரன் பெட்டிக்கு வசதி. 2018 ஏப்ரலில் மடகாஸ்கரின் தோலியாரா நகரில் ஒரே வீட்டுக்குள் ஏறக்குறைய 10,000 ரேடியேட்டட் ஆமைகள் கண்டுபிடிக்கப்பட்டன. வீட்டில் வளர்க்கவென்று விற்கப் பிடித்தவை. ஓட்டில் நட்சத்திரம்போல் மஞ்சள் கோடுகள். அந்த அழகுதான் வினை. அதே தீவின் இன்னொரு நில ஆமைக்கு, அழகைக் கெடுத்தால் வாங்குகிறவன் விட்டுவிடுவான் என்று, பாதுகாவலர்களே ஓட்டில் பெரிதாக எண்ணைச் செதுக்குகிறார்கள். வருத்தமான வைத்தியம்தான், ஆனால் நோயைப் புரிந்துகொண்டு பார்த்த வைத்தியம்.

எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு எஸ்பனோலாவையே காட்டலாம். ஆடு போனதும் தீவு முழுக்கப் புதர் மண்டியது. ஆமையும் இல்லை, ஆடும் இல்லையென்றால் மிதிக்கவும் மேயவும் யாருமில்லை. அந்தத் தீவில்தான் அலையுரு ஆல்பட்ராஸ் பறவைகளில் அனேகமாக எல்லாமே கூடு கட்டுகின்றன. அது பெரிய பறவை. விமானம்போல் ஓடித்தான் மேலே எழும்ப முடியும். ஓட வெட்டவெளி வேண்டும். ஆமைகள் புதரை மிதித்துத் தடம் போடுகின்றன, கள்ளிப் பழத்தைத் தின்று விதையைத் தீவெங்கும் போடுகின்றன. ஆக, அந்தப் பறவையின் ஓடுதளப் பராமரிப்பு ஆமையின் பொறுப்பு. புளோரிடாவில் அலையில் விடப்படும் அந்தக் கோபர் ஆமையும் லேசுப்பட்டதல்ல. அது தோண்டும் வளையில் பாம்பு, தவளை, எலி, பூச்சி என்று 350க்கும் மேற்பட்ட இனங்கள் ஒதுங்குகின்றன.

கெம்ப் ஆமையின் கதை எஸ்பனோலா போலச் சுபமாக முடியவில்லை. 2010 ஏப்ரலில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து வளைகுடாவில் எண்ணெய் பரவியது. அந்த ஆண்டு கூடுகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. எண்ணெய்தான் காரணமா, வேறு காரணங்களும் சேர்ந்தனவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பின்னர் மீண்டும் 20,000ஐத் தாண்டிய ஆண்டு உண்டு, சரிந்த ஆண்டும் உண்டு. அழிவாபத்தில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் இன்னும் அது மிக ஆபத்தான நிலையில்தான் இருக்கிறது.

திரும்பி வந்த இரண்டு

வளர்த்து விட்ட திட்டத்தை இத்தோடு தள்ளுபடி செய்திருக்கலாம். 1996இல் பாட்ரே தீவில் இரண்டு கெம்ப் ஆமைகள் முட்டையிடக் கரையேறின. குஞ்சாக இருந்தபோது அவற்றுக்கு வைத்த அடையாளம் உடம்பில் இருந்தது. அந்த அடையாளங்களில் ஒரு வகையைச் செய்த விதமே அழகு: வெளிர்நிற அடியோட்டிலிருந்து பொட்டளவு துண்டு எடுத்துக் கரிய மேலோட்டில் ஒட்டுப்போட்டுவிடுவது. ஆமை வளர வளரப் பொட்டும் வளரும். எந்தத் தகட்டில் பொட்டு என்பதை வைத்து எந்த ஆண்டுக் குஞ்சு என்று சொல்லிவிடலாம். உலோக வில்லை உதிரும், பொட்டு உதிராது.

அதற்குப் பிறகு மேலும் வந்தன. டெக்சாஸ் கரையில் 2017இல் மட்டும் 353 கூடுகள். அவற்றில் பல, எந்த வாளியும் பார்க்காத ஆமைகளுடையவை. மெக்சிகோக் கரையின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இது சிறிது. ஆனாலும் இரண்டாவது கரை ஒன்று வேண்டும் என்று 1978இல் ஆசைப்பட்டவர்களுக்கு அது கிடைத்துவிட்டது. இனத்தைக் காக்கும் மருந்தாக அது தோற்றது, புதுக் கரையைக் கற்றுக்கொடுக்கும் பாடமாகக் கொஞ்சம் பலித்தது என்று பிரித்துச் சொல்வதுதான் நியாயம்.

இன்னும் கூடுதலாகப் பலித்திருக்கும். முதல் சில ஆண்டுகளில் பெட்டிகளை எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்பது சரியாகப் பிடிபடவில்லை. குளிர்ச்சியாக வைத்ததில் குஞ்சுகளில் பெரும்பாலானவை ஆணாகப் பிறந்தன. 1985 வாக்கில்தான் சூட்டைக் கூட்டினார்கள், பெண்கள் கூடின. சாந்தா குரூஸில் இதே தவறு நேர்ந்திருந்தால் தீவில் நடந்துபோய் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கால்வெஸ்டன் வாளிகளிலிருந்து போன அந்த ஆண் ஆமைகள் கரையேறுவதில்லை. அவற்றை எண்ண எந்தக் கரையில் போய் நின்றாலும் பயனில்லை.